திரையில் தெரிகிற வரைக்கும்

ப்ரிண்டரில் பேப்பர் தீர்ந்துவிட்டது என்று ஆரஞ்சு விளக்கு மினுங்கியது. "அட கெரகமே" என்று முணுமுணுத்தபடி சகாயமேரி சிஸ்டர் எழுந்து, கீழே ஸ்டோரிலிருந்து ஒரு கட்டு எடுத்துவரப் படியிறங்கிப் போனார். எதிரே வரிசையாகக் கிடந்த இரும்பு நாற்காலிகளில் மூன்றாவதில் தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்தார். மணி மூன்று பத்து. நான்கு மணிக்கு அவர் மனைவி பூங்கோதைக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். ஒன்பதாம் நம்பர் அறையில் பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள். அவள் கழற்றிக் கொடுத்த தோடும் மூக்குத்தியும் இவர் சட்டைப்பையில் ஒரு துண்டுக் காகிதத்துக்குள் மடிந்து கிடக்கின்றன. அவளுக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. காலையில் டூட்டி டாக்டர் கேட்டார், அவள் சொன்னாள், சிஸ்டர் கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டார், எல்லாம் இவர் கண்ணெதிரில்தான் நடந்தது. இனி அந்த விவரமெல்லாம் ஒரே ஒரு பேப்பரில் அச்சாகி அவளோடு மாடியில் இருக்கும் தியேட்டருக்குப் போகும். அங்கே கம்ப்யூட்டர் கிடையாது. ஊசி போடுகிறவர் அந்தப் பேப்பரைத்தான் பார்ப்பார். அந்தப் பேப்பரில் கடைசி வரி வராது. ஒத்துக்கொள்ளாத மருந்து என்பதுதான் கடைசி வரி. அது வராது என்பது இந்த ஆஸ்பத்திரியில் யாருக்குத் தெரியுமோ தெரியாதோ, தெய்வசிகாமணிக்குத் தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்த ப்ரோகிராமை எழுதியது அவர்தான்.

எழுந்து போய்ச் சொல்ல வேண்டியதுதானே, இதில் என்ன யோசனை என்று உங்களுக்குத் தோன்றும். அவருக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனால் மனுஷன் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. சிஸ்டர் இப்போது இங்கே இல்லையே, வரட்டும், வந்ததும் சொல்லலாம், பேப்பர் வந்தால்தானே பேச்சு என்று ஒரு சமாதானம் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு எதிரே பார்த்தார். கம்ப்யூட்டர் திரை இவர் பக்கமாகத் திரும்பியிருந்தது. புது மானிட்டர், நல்ல அகலம். அதன் நடுவில் அவருடைய பழைய ஜன்னல் மட்டும் அதே அளவில், அதே சாம்பல் நிறத்தில், பெரிய வீட்டுக்குக் குடிவந்த ஏழைச் சொந்தக்காரன் போல ஒடுங்கி நின்றது. அளவை மாற்ற முடியாதபடி ஆணி அடித்தமாதிரி நிறுத்தியவர் அவர்தான். இழுத்துப் பெரிதாக்க விட்டால் ஆளாளுக்கு இழுத்துக் கட்டங்களெல்லாம் கோணிப்போகும் என்று அப்போது ஒரு நினைப்பு. மேலே முருகன் படம். பக்கத்தில் ஆஸ்பத்திரியின் பெயர். அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'உதவிக்கு அழைக்க' என்று அவருடைய அந்தக் காலத்து செல்போன் நம்பர். பிறகு கட்டம் கட்டமாகப் பெயர், வயது, எடை, ரத்த வகை, சர்க்கரை, பிரஷர். பூங்கோதை, நாற்பத்தைந்து, அறுபத்தெட்டு கிலோ, பி பாசிட்டிவ். தான் செய்த பெட்டிக்குள் தன் பெண்டாட்டி உட்கார்ந்திருப்பதை அவர் யாரோ ஒருத்தியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அறுபத்தெட்டா, அவ்வளவா இருக்கிறாள், போன வருஷம் அறுபத்துநான்குதானே என்று நினைத்தார். 'முந்தைய அறுவை சிகிச்சை: இல்லை' என்பதோடு திரை முடிந்தது. வலது ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டை, அதைப் பிடித்துக் கீழே இழுத்தால் இன்னொரு கட்டம் உண்டு. அது இப்போது உள்ளேதான் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் இல்லையென்று ஆகிவிடுமா? கம்ப்யூட்டருக்கு இருக்கிறது. பேப்பருக்கு இல்லை. ப்ரிண்டருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புப் பேனா கட்டுப்போடும் துணியால் ப்ரிண்டரின் காதோடு சேர்த்துக் கட்டித் தொங்கியது. யாரோ கையெழுத்துப் போடக் கேட்டுக்கேட்டு எடுத்துப் போயிருப்பார்கள், அதனால் கட்டிவைத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் பேனா தங்காது.

பேப்பரில் அச்சடிப்பதென்றால் ஒழுங்கான வழி ஒன்று இருக்கிறது. பேப்பருக்கென்று தனியாக ஒரு அமைப்பு எழுத வேண்டும். இங்கே பெயர், இங்கே வயது, இத்தனை வரி, இடம் போதாவிட்டால் அடுத்த பக்கம் என்று ஒவ்வொன்றையும் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்க வேண்டும். அதற்கு நான்கு நாள் பிடிக்கும். அவரிடம் ஒரு நாள்தான் இருந்தது. மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி முதலாளியான பெரிய டாக்டர் முன்னால் காட்டியாக வேண்டும். அன்றைக்கு ஒரு குறுக்குவழி கண்ணில் பட்டது. திரையில் ஜன்னலை வரைகிற அதே வேலைக்காரனிடம், திரைக்குப் பதிலாக இந்தா பேப்பர், இதில் வரை என்று சொல்லிவிடலாம். அவனுக்கு வித்தியாசம் தெரியாது. பத்தே வரியில் வேலை முடிந்தது. அச்சடித்துப் பார்த்தபோது கட்டம், எழுத்து, நிழல் எல்லாம் அப்படியே பேப்பரில் இறங்கியிருந்தன. 'சேமி', 'அச்சிடு', 'மூடு' என்கிற பட்டன்கள்கூட. கர்சர் நின்ற இடத்தில் ஒரு கறுப்புக்கோடு. சாம்பல் நிறம் மைக்குடத்தை உறிஞ்சிக் குடித்துவிட்டது. அப்போது அவருக்குச் சிரிப்பு வந்தது. பின்னால் ஒருநாள் இதே வராந்தாவில் ஒரு பெரியவர் டிஸ்சார்ஜ் பேப்பரை வைத்துக்கொண்டு 'மூடு' என்று அச்சாகியிருந்த இடத்தை விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறார். பூங்கோதைக்கு அது பிடிக்கவில்லை. "பாவமுங்க, அவருக்கு என்ன தெரியும், நீங்க எதுக்கு அதைப் பேப்பர்ல போட்டீங்க" என்றாள். நான் போடல, அதுவா வந்துச்சு என்றார். அதுவாக எது வரும்? பத்து வரி எழுதினவன் கையாலல்லவா வந்தது. ஆனால் பெரிய டாக்டருக்குப் பரம திருப்தி. "டாக்டர், ஸ்கிரீன்ல என்ன தெரியுதோ அதுவே பேப்பர்ல வருமுங்க" என்று இவர் சொன்னார். "அட, அப்படீங்களா! அப்ப நாம தனியாப் பாக்க வேண்டியதே இல்ல" என்று அவர் மேசையைத் தட்டினார். அந்த வாக்கியம் இப்போது தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றது. ஸ்கிரீன்ல என்ன தெரியுதோ அதுவே பேப்பர்ல வரும். அதில் ஒரு எழுத்துப் பொய் இல்லை. தெரிவது வரும். தெரியாதது வராது. பொய் சொல்லாமலே ஒரு மனுஷன் எவ்வளவு பெரிய பொய்யைச் சொல்லிவிட முடிகிறது பாருங்கள்.

ஆனால் முதல் நாள் எல்லாமே தெரிந்தது. அது முக்கியம், அதை அவர் தனக்குள்ளே அடிக்கடி சொல்லிக்கொள்வதுண்டு. காட்டிய அன்றைக்குக் கடைசி வரிவரை திரையில் இருந்தது, பேப்பரிலும் வந்தது. குறை எங்கே வந்ததென்றால் முருகனால் வந்தது. முருகனைச் சொல்லக் கூடாது, வாயில் அடித்துக்கொள்ள வேண்டும். பெரிய டாக்டர் பேப்பரைத் தூக்கிப் பிடித்து, "தம்பி, முருகன் என்ன எறும்பாட்ட இருக்காரு? நம்ம ஆஸ்பத்திரியே அவரு குடுத்தது. நல்லாக் கண்ணு தெரியற மாதிரி பெருசாப் போடுங்க. அவரு நகரவும் கூடாது, எப்பவும் மேல நிக்கோணும்" என்றார். இவர் அங்கேயே உட்கார்ந்து படத்தை இரண்டு மடங்காக்கினார். மேல் பகுதியை அசையாமல் நிறுத்திவிட்டு, கீழே இருந்த கட்டங்களை மட்டும் மேலும் கீழும் நகரும்படி விட்டார். முருகன் வேலோடு ஜம்மென்று நின்றார். அவருக்கு இடம்விட்டுக் கட்டங்கள் கீழே இறங்கியதில் கடைசி வரி மட்டும் ஜன்னலுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. கவனிக்கவில்லை என்பதும் மூன்று நாளைக்குத்தான் உண்மை. மூன்றாம் நாள் மை தீர்ந்துபோனதென்று கூப்பிட்டார்கள். வந்தவர், சோதனைக்கென்று ஒரு பேப்பர் அடித்துப் பார்த்தபோது கடைசி வரி இல்லாததை இந்தக் கண்ணால் பார்த்தார். அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தார். அடுத்த வாரம் பில்லிங் பகுதியில் ஏதோ கேட்டார்கள். அதற்கு அடுத்த வாரம் ஆடி அமாவாசை. பிறகு அந்த வேலையே முடிந்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மாதச் சம்பளத்துக்குச் சேர்ந்து, கம்பெனி கொடுத்த புது நம்பரை வைத்துக்கொண்டு பழைய நம்பரை விட்டுவிட்டார். அந்தப் பழைய நம்பர் மட்டும் பதினோரு வருஷமாக ஒவ்வொரு பேப்பரிலும் தப்பாமல், தெளிவாக, முருகனுக்குக் கீழே அச்சாகிக்கொண்டிருக்கிறது. வரவேண்டியது வரவில்லை, செத்துப்போன நம்பர் வருகிறது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லையே. அதுதான் அவருக்கு இத்தனை காலம் தூக்கம் கொடுத்த வாக்கியம். குறை இருந்தால் கூப்பிட்டிருக்க மாட்டார்களா? கூப்பிடவில்லை என்றால் ஒன்று அந்தப் பேப்பரை யாரும் பார்ப்பதில்லை, இல்லாவிட்டால் எப்படியோ சரியாகிவிட்டது. ப்ரோகிராம் தானாகச் சரியாகாது என்று ஊரில் மற்ற எவனுக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினார். ஒரு நாளைக்கு மூன்று ஆபரேஷன் என்று வைத்தால் வருஷத்துக்குத் தொள்ளாயிரம். பதினோரு வருஷத்துக்குக் கிட்டத்தட்டப் பத்தாயிரம். அதில் மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் என்றால்கூட ஐந்நூறு. ஐந்நூறு பேரை வரிசையாக நிறுத்திப் பார்த்தார், முகம் வரவில்லை. ஐந்நூறும் பூங்கோதையாகவே நின்றது. சரி, அந்த எண்ணத்தை விடு, இப்போது திரையில் போய் அந்தப் பட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துவிட்டால் என்ன? கடைசி வரி தெரியும், தெரிந்தால் வரும். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தார். இழுத்தால் கீழே ஒன்று வருகிறபோது மேலே ஒன்று போகும். முருகன் போகமாட்டார், அவரைத்தான் நகராமல் நிறுத்தியாயிற்றே. போவது பெயர். பெயர் இருந்தால் விஷம் இல்லை, விஷம் இருந்தால் பெயர் இல்லை. எவளோ ஒருத்திக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று ஒரு பேப்பர் மாடிக்குப் போகும். அதுவும் போக, சிஸ்டர் பட்டனை அமுக்கியாயிற்று. அமுக்கிய கணத்தில் திரை எப்படி இருந்ததோ அது ப்ரிண்டரின் வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, இனித் திரையில் என்ன செய்தாலும் அது மாறாது. வெறும் பேப்பருக்காகக் காத்திருக்கிறது. கைப்பிடியை விட்டார். ஆரஞ்சு விளக்கு மினுங்கியது, அணைந்தது, மினுங்கியது.

கல்யாணமான முதல் வருஷம். சத்தியமங்கலத்தில் குடியிருந்தார்கள். அவளுக்குக் காதில் சீழ் வைத்திருந்தது. சாயங்காலம் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போய் ஊசி போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக் கடையில் அவளுக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். பாட்டிலை வாயில் வைத்தவள் எடுத்துவிட்டாள். "ஏனுங்க, நாக்கு தடிச்சாப்ல இருக்குதுங்க." இவர் சிரித்தார். "பயந்தாங்கொள்ளி, ஒரு ஊசிக்கு இந்தப் பாடா" என்றார். அவளும் சிரிக்கப் பார்த்தாள், உதடு சிரிக்கவில்லை, பணியாரமாக உப்பிக்கொண்டு வந்தது. கழுத்தில், கையில் எல்லாம் தட்டுத் தட்டாகச் சிவந்தது. டிவிஎஸ் ஃபிஃப்டியில் பின்னால் உட்காரவைத்துத் திரும்ப ஓட்டினார். அவளுக்குப் பேச்சு வரவில்லை. முதுகில் விரலால் தட்டிக்கொண்டே வந்தாள். நான் இருக்கிறேன், நான் இருக்கிறேன் என்பதுபோல. தினசரி மார்க்கெட்டைத் தாண்டும்போது தட்டுவது நின்றது. அந்த இடத்தில் வண்டியை நிறுத்தவா, இன்னும் வேகமாகப் போகவா என்று ஒரு கணம் யோசித்தார். அந்த ஒரு கணத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. பிழைத்துக்கொண்டாள். ஒரு மணிநேரத்தில் எழுந்து உட்கார்ந்து, "அந்தக் கலர் பாட்டிலுக்குக் காசு குடுத்தீங்களா?" என்று கேட்டாள். அதற்கப்புறம் எந்த டாக்டரிடம் போனாலும் நாற்காலியில் உட்காருவதற்கு முன்னாலேயே பென்சிலின் ஒத்துக்காதுங்க என்று சொல்லிவிடுவாள். இன்றைக்கும் சொன்னாள். சொல்லிவிட்டு நிம்மதியாகப் படுத்திருக்கிறாள். கம்ப்யூட்டரில் ஏறிவிட்டது, அதுவும் புருஷன் செய்த கம்ப்யூட்டர். காலையில் ஆட்டோவில் வரும்போதே ஆரம்பித்துவிட்டாள். "ஏனுங்க, இங்க இருக்கறது நீங்க பண்ணிக் குடுத்ததுதானுங்களே, சிஸ்டர்கிட்டச் சொல்லட்டுங்களா?" "சும்மா இரு" என்றார். "இதுல என்ன வெக்கம் உங்களுக்கு" என்று சிரித்தாள். தன் புருஷனுக்குத் தற்பெருமை கிடையாது என்று அவளுக்கு ஒரு பெருமை. அடி பைத்தியக்காரி என்று இவருக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, கத்தவில்லை. ஆட்டோக்காரருக்குச் சில்லறை கொடுத்தார்.

சொன்னால் என்ன ஆகும் என்பதை ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். சிஸ்டர், அந்தப் பேப்பரில் கடைசி வரி வராது. உங்களுக்கு எப்படித் தெரியும்? நான்தான் எழுதினேன். எப்போது தெரியும்? மூன்றாம் நாளே தெரியும். அந்த மூன்றாம் நாளில் வந்து எல்லாம் முட்டிக்கொண்டு நின்றது. முதல் நாள் தெரிந்தது என்றால் தப்பு, பதினோராம் வருஷம் தெரிந்தது என்றாலும் தப்பு, மன்னித்துவிடலாம். மூன்றாம் நாள் தெரிந்து பதினோரு வருஷம் சும்மா இருந்தவனை என்ன சொல்வது? பெரிய டாக்டர் போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் நடத்துகிறார். அவர் கூப்பிட்டு விசாரிப்பார். பனியன் கம்பெனிவரை பேச்சுப் போகும். பூங்கோதை கண் விழித்ததும் யாராவது சொல்லிவிடுவார்கள். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள், அந்தப் பெரியவர் பேப்பரை அழுத்தினதைச் சொன்னபோது பார்த்தாளே, அப்படிப் பார்ப்பாள். இப்படியே சுற்றிச் சுற்றி வந்தபோது சுவரோரமாக ஒரு சந்து கண்ணில் பட்டது. தான் யாரென்று சொல்லாமலே சொல்லலாமே! பெண்டாட்டிக்கு ஆபரேஷன், பயந்துபோன புருஷன், சிஸ்டர் அவளுக்குப் பென்சிலின் ஒத்துக்காது, கொஞ்சம் பாத்துக்குங்க என்று எவனும் கேட்பதுதானே. அவள் பிழைப்பாள், இவரும் பிழைப்பார். எவ்வளவு சுலபம். அதே பத்து வரிக் குறுக்குவழி. அவருக்கே தன்மேல் அருவருப்பாக இருந்தது, இருந்தும் அதைத்தான் செய்யப்போகிறோம் என்று தெரிந்தது. தெரிந்ததும் மனது லேசாகிவிட்டது, அதுதான் கேவலம். சட்டைப்பைக்கு மேல் விரலால் தட்டினார். காகிதத்துக்குள் தோடு ஒன்றோடொன்று உரசிக் கிணுக்கென்றது.

சகாயமேரி சிஸ்டர் பேப்பர்க் கட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், முழங்கால் வலிக்காரர். உறையைக் கிழித்து, தாளை விசிறி, தட்டில் சொருகினார். விளக்கு பச்சையானது. ப்ரிண்டர் ஒரு முறை தொண்டையைச் செருமிவிட்டு இழுக்க ஆரம்பித்தது. முதலில் வேல் வந்தது, பிறகு முருகன், பிறகு அந்த நம்பர். தெய்வசிகாமணி எழுந்து போய் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். பெயர் வந்தது. ரத்த வகை வந்தது. முந்தைய அறுவை சிகிச்சை வந்தது. அதோடு நேராகப் பட்டன்கள் வந்து பேப்பர் வெளியே விழுந்தது.

"சிஸ்டர்" என்றார். குரல் நன்றாகவே வந்தது, பயந்த புருஷன் குரல். "ஒன்பதாம் நம்பர் ரூமுங்க. அவளுக்குப் பென்சிலின் ஒத்துக்காதுங்க. அது இதுல இருக்குதுங்களா?"

"இருக்காதுங்க" என்றார் சிஸ்டர், சாதாரணமாக. "அந்த வரி எப்பவும் ப்ரிண்ட்ல வராது. அதுக்குத்தானுங்களே இது." ப்ரிண்டரின் காதிலிருந்து தொங்கிய சிவப்புப் பேனாவைப் பிடித்து இழுத்தார். கட்டுத்துணி பேப்பர்வரைக்கும் சரியான நீளம், ஒரு விரல்கூட அதிகமில்லை. 'மூடு' என்கிற பட்டனுக்குக் கீழே பெரிய எழுத்தில் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது என்று எழுதி, சுற்றிக் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கீழே இரண்டு கோடு இழுத்தார். திரையில் பட்டையைக் கீழே இழுத்து ஒரு முறை சரிபார்த்துக்கொண்டார். "ஒண்ணும் இல்லாதவங்களுக்கும் 'இல்லை'ன்னு எழுதியே ஆகோணும். சிவப்பு இல்லாத பேப்பரைத் தியேட்டர்ல வாங்கமாட்டாங்க, திருப்பி அனுப்பிருவாங்க. புதுசா வர்ற புள்ளைகளுக்கு மொத நாள் நாங்க சொல்லிக் குடுக்கறதே இதைத்தானுங்க. நீங்க பயப்படாதீங்க."

தெய்வசிகாமணிக்கு அப்பாடா என்று ஒரு பெருமூச்சு அடிவயிற்றிலிருந்து கிளம்பியது. ஐந்நூறு பேரும் வரிசையிலிருந்து கலைந்து அவரவர் வீட்டுக்குப் போனார்கள். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி நாற்காலிக்குப் போய் உட்கார்ந்திருக்கலாம். கதை அங்கேயே முடிந்திருக்கும், யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அவர் கண் அந்தக் கட்டுத்துணியில் போய் மாட்டிக்கொண்டது. முடிச்சு அழுக்கேறிக் கறுத்திருந்தது. பதினோரு வருஷத்து அழுக்கா அது? முதல் நாளிலிருந்தே கட்டியிருப்பார்களா? முதல் நாள் எல்லாம் தெரிந்ததே. அப்படியானால் எந்த நாள்? கேட்காதே, போய் உட்கார் என்று ஒரு மனது சொல்லிக்கொண்டிருக்கும்போதே வாய் கேட்டுவிட்டது.

"இந்தப் பேனா எப்பங்க கட்டினீங்க?"

சிஸ்டர் பேப்பரை கிளிப் அட்டையில் சொருகிக்கொண்டே சொன்னார். "அது ஆச்சுங்க எட்டு வருசம். இந்தக் கம்ப்யூட்டர் வந்து மூணாவது வருசம், தீபாவளிக்கு முந்தின வாரம். கோகிலான்னு ஒரு புள்ள, காலேஜுக்குப் போய்ட்டு இருந்துச்சு, குடல்வால்னு வந்தா. அவளுக்கும் இதே பென்சிலின்தான். கம்ப்யூட்டர்ல நாந்தானுங்க அடிச்சேன். பேப்பர்ல இல்ல. மேல பேப்பரைப் பாத்துட்டு ஊசியை ஏத்திட்டாங்க." கிளிப்பை ஒரு முறை திறந்து மூடினார். "பொழைச்சுக்கிச்சு. கோயமுத்தூர்ல பதினேழு நாள் வெச்சிருந்தாங்க. ஆனா முன்ன மாதிரி இல்லீங்க, பேச்சு கொழறும், காலேஜுக்கெல்லாம் போகல. வருசத்துக்கு ஒருக்கா அவங்க அம்மா கூட்டிட்டு வருவாங்க. என்னைப் பாத்தாச் சிரிக்கும். எனக்குத்தான் அன்னிக்குச் சோறு எறங்காது."

"அப்ப... இதை எழுதினவங்களைக் கூப்பிடலீங்களா?"

"கூப்பிடாம? இந்தா இருக்குதுங்களே நம்பர்." முருகனுக்குக் கீழே விரலை வைத்தார். "நானே கூப்பிட்டேனுங்க, ஒரு வாரம். யாரோ மாட்டுத்தீவனக் கடைக்காரரு எடுத்தாரு. கடைசியில அவரே, ஏம்மா தங்கச்சி, எனக்குக் கம்ப்யூட்டர் தெரிஞ்சா நான் எதுக்குப் புண்ணாக்கு விக்கறேன்னு கேட்டாரு. அப்பத்தான் ஓடிப்போய் இந்தப் பேனாவைக் கட்டினது."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்று பதினோரு வருஷம் தூங்கினாரே, அவர்கள் ஒரு வாரம் சொன்னார்கள். சொன்னது புண்ணாக்குக் கடையில் போய் விழுந்தது. தெய்வசிகாமணி மேசை விளிம்பை விடவில்லை. ஒரு பெண், சிவப்புத் தாவணியோ சுடிதாரோ தெரியவில்லை, சிஸ்டரைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஐந்நூறு பேருக்கு வராத முகம் ஒருத்திக்கு வந்துவிட்டது. அவளும் யார் முதுகிலாவது தட்டியிருப்பாளா, தட்ட அங்கே முதுகு ஏது, மேசையில் படுக்க வைத்திருப்பார்களே, இரும்பில் தட்டியிருப்பாளோ. அவர் மனது அதைத் தள்ளிநின்று பார்க்கப் பார்த்தது, எப்போதும் அதற்கு அது நன்றாக வரும், இப்போது வரவில்லை. அம்மா என்று வாய்க்குள்ளே சொன்னார்.

"அந்த நம்பர் என்னுதுங்க, சிஸ்டர்" என்றார். "இதை எழுதினது நாந்தான். அந்த வரி வராதுன்னு எனக்கு மூணாம் நாளே தெரியும்."

சகாயமேரி சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். முதலில் புரியாமல், பிறகு திரையையும் அவரையும் மாறி மாறி, பிறகு அவரை மட்டும். வார்டுபாய்கள் இருவர் ஸ்ட்ரெச்சரை ஒன்பதாம் நம்பர் அறைக்குள் தள்ளிப்போகும் சத்தம் கேட்டது.

"நீங்களா?" என்றார். "எங்கய்யா இருந்தீங்க இத்தன வருசமா?"

திருப்பூரில் என்பது பதிலாகுமா? "நான் சரி பண்ணிக் குடுத்தர்றேனுங்க. இன்னிக்கே. நாலு நாள் ஆனாலும் இங்கயே உக்காந்து..."

"வேண்டாமுங்க." சிஸ்டர் கிளிப் அட்டையை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். "பண்றதுன்னா பண்ணுங்க, சின்ன டாக்டர்கிட்டக் கேட்டுக்குங்க. ஆனா அந்த வரி நாளைக்குப் பேப்பர்ல வந்தாலும் நாங்க கையிலதான் எழுதுவோம். இந்தப் பேனாவை அவுக்க மாட்டோம்." இரண்டு எட்டு நடந்தவர் நின்று, திரும்பாமலே சொன்னார். "இதுலயும் மை தீரப்போகுது. ஏதாச்சும் பண்ணோணும்னா, புதுசா ஒரு பேனா வாங்கியாந்து வெய்யுங்க."

ஸ்ட்ரெச்சர் வெளியே வந்தது. காதும் மூக்கும் வெறுமையாகப் பூங்கோதை பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல் இருந்தாள். சிஸ்டர் அட்டையை அவள் கால்மாட்டில் வைத்தார். அவ்வளவு தூரத்திலிருந்தும் சிவப்புக் கட்டம் தெரிந்தது. "ஏனுங்க, சொல்லீட்டீங்களாக்கும்? எனக்குக் கேட்டுச்சு, எழுதினது நாந்தான்னு" என்றாள் மெல்ல, முகமெல்லாம் பெருமையாக. ஆமாம் என்று தலையாட்டினார். அவள் கை வெளியே நீண்டது, பிடித்தார், அவள் விரல் இவர் உள்ளங்கையில் இரண்டு முறை தட்டிவிட்டு நழுவியது. ஸ்ட்ரெச்சருக்கு மட்டுமான லிஃப்டின் கதவு மூடிக்கொண்டது. மணி மூன்று ஐம்பது.

படியிறங்கி ரோட்டைத் தாண்டி எதிர்ச்சாரியில் இருந்த ஸ்டேஷனரிக் கடைக்குப் போனார். வெயிலில் கண் கூசியது. சிவப்புப் பேனா வேண்டும் என்றார்.

"மூடி வெச்சதுங்களா, அமுக்கறதுங்களா?" என்றார் கடைக்காரர்.

"கட்டித் தொங்கவிடற மாதிரி" என்றார்.

கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். "ஒண்ணு போதுமுங்களா?"

தெய்வசிகாமணி அந்தப் பேனாவை எடுத்து உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்தார்.

"ஒரு டப்பா குடுங்க" என்றார்.